வழிப்போக்கனின் ஹக்கு

பழவேற்காட்டு ஏரியின் அக்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நிக்காஹ் வைபவம். குத்பா ஓதுவதற்காக என்னை அழைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் படகுத்துறைக்கு வந்துவிட்டேன். படகைக் காணவில்லை. ஒன்பது ஆயிற்று, ஒன்பதரையும் ஆயிற்று. கூடையுடன் நின்ற மீன்காரப் பெண்கள், பள்ளிக்கூடத்திற்கு நேரமாகிவிட்டதே என்று தவித்த ஓர் ஆசிரியை, எனக்குத் துணையாக வந்த பழைய மாணவர் ஒருவர், நான் – எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்தவன் நான். ஆயினும் என் உள்ளத்தில் கோபம் படிப்படியாக ஏறிக்கொண்டுதான் இருந்தது.

ஒருவாறு படகு வந்து சேர்ந்தது. படகோட்டியின் கால்களில் முழங்கால் வரை சேறு. கரையில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "கோவிச்சுக்காதீங்க பாய். முகத்துவாரம் மேடிட்டுப் போச்சு, ஏரியில தண்ணியே இல்ல. நடுவுல தட்டிக்கிட்டு நின்னுடுச்சு. எறங்கித் தள்ளிக்கிட்டே வர்றேன்."

என்ன வியப்பு! ஒன்றரை மணி நேரமாக மூண்டிருந்த கோபம் ஒரு நொடியில் அவிந்துவிட்டது. போன நேரம் திரும்பி வரவில்லை. ஆசிரியைக்குப் பள்ளியில் கிடைக்கவிருந்த ஏச்சும் குறையவில்லை. எனினும் எங்களில் ஒருவருக்கும் அந்த மனிதர்மீது மனத்தாங்கல் இல்லை. ஏனெனில் காரணம் எங்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

படகு நகர்ந்ததும் என் மாணவர் மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், இந்த ஒரு வார்த்தை கிடைக்காமத்தான் எங்க உம்மா பதினாலு மணி நேரம் தரையில உட்கார்ந்திருந்தாங்க."

அவர் வளைகுடா நாடொன்றில் தொழில் செய்பவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்றார். அறுபத்தெட்டு வயதில் அந்த அம்மையாருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். விமானம் புறப்பட்டது எந்த ஊரிலிருந்து, அது எந்த நிறுவனத்தினுடையது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இரவு புறப்பட வேண்டிய விமானம் மறுநாள் நண்பகலுக்குப் பின்னரே புறப்பட்டது. அறிவிப்புப் பலகையில் "தாமதம்" என்ற ஒற்றைச் சொல் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு தாமதம், எதனால் தாமதம் என்று சொல்வார் இல்லை. நாற்காலிகள் நிரம்பிவிட்டதால் மூதாட்டிகளும் கைக்குழந்தைகளும் தரையில் அமர்ந்தார்கள். கழிப்பறையில் நள்ளிரவோடு தண்ணீர் நின்றுபோயிற்று. உளூச் செய்ய வழியில்லை. கவுண்டரில் நின்ற இளம்பெண்ணிடம் இவர் நான்குமுறை போய்க் கேட்டார். நான்காம் முறை அப்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெயிட் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

"மதரஸாவில் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தினீங்களே ஹஜ்ரத்! அந்தப் பொறுமை யாருக்குக் கடமை? காத்திருக்கிறவனுக்கு மட்டுமா? காக்க வைக்கிறவனுக்குக் கடமையே கிடையாதா?" என்று கேட்டார்.

படகு அக்கரை சேரும் வரையில் என்னால் அவருக்கு விடை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அதை எண்ணி எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இத்தகைய அனுபவத்தைச் சொன்னவுடன் எவரும் கூறும் முதல் சமாதானம், "கட்டடம் பழையது, கூட்டம் பெருகிவிட்டது" என்பதாகும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாடாவின் தபால் விமானம் வந்து சேர்ந்தபோது, ஆகாயப் பயணம் என்பது சீமான்களுக்கும் கடிதங்களுக்கும் உரியதாக இருந்தது. நம்மவர்கள் கப்பலில் போனார்கள். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா என்றும் எம். வி. சிதம்பரம் என்றும் கப்பல்கள் ஓடின. 1985இல் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் காலமும் முடிவுற்றது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ்ஜுக் கப்பலும் 1995க்குப் பின் ஓடவில்லை. கப்பலில் சென்ற குடும்பங்களெல்லாம் விமானத்திற்கு மாறின. மீனம்பாக்கத்து நிலையம் போதாமல் திரிசூலத்தில் 1980களில் புதிய முனையங்கள் எழுந்தன. அவையும் போதாமல் 2013இல் வேறொன்று, 2023இல் மற்றொன்று. இப்போது பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்கிறார்கள். தங்கள் வயலும் ஏரியும் வீடும் போய்விடுமே என்று ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடி வந்ததை நாடறியும்.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, கட்டடம் புதியதானால் பயணியின் துயரம் தீர்ந்துவிடுமா? 2013இல் திறக்கப்பட்ட சென்னை முனையத்தில் கண்ணாடிப் பலகைகளும் மேற்கூரைத் தகடுகளும் உடைந்து விழுந்தது ஒருமுறை இருமுறை அல்ல. எத்தனையாவது தடவை என்று பத்திரிகைகள் எண்ணிக்கை போட்டு எழுதும் அளவுக்கு அது வாடிக்கையாகிப் போனது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் பணிநேர விதிகளுக்குத் தக்கபடி ஏற்பாடு செய்யத் தவறியதால் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தின் சேவைகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. அப்போது பயணிகள் தரையில் படுத்துக் கிடந்தது ஓட்டுக் கட்டடங்களில் அல்ல. பளிங்குத் தரையும் பல வண்ண விளக்குகளும் கொண்ட புத்தம்புதிய முனையங்களில்தான். ஆகவே நோய் செங்கல்லில் மட்டும் இல்லை.

பயணத்தில் நேரும் துன்பத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, மனிதன் கையில் இல்லாதது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதை நீரில் மூழ்கிற்று. அன்று ஒருவரும் விமானியைக் குறை கூறவில்லை. பழவேற்காட்டு மீனவரைக் கேட்டுப் பாருங்கள். கடல் சீறும் நாளில் கட்டுமரத்தைக் கரையேற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் பொறுமை ஈமானின் அழகு.

இரண்டாவது, பற்றாக்குறையால் வருவது. இடம் சிறிது, ஆட்கள் குறைவு, பணம் போதவில்லை. ஏழை வீட்டில் விருந்துக்குப் போனவன் பாய் கிழிந்திருக்கிறது என்று முறையிடுவானா? உள்ளதைப் பகிர்ந்து, முதியவருக்கு இடம் கொடுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமாளித்துவிடலாம். இங்கே வேண்டியது ஒத்தாசை.

மூன்றாவது, அலட்சியத்தால் வருவது. தெரிந்த காரணத்தைச் சொல்லாமை, தண்ணீர் நின்றதை அறிந்தும் ஆளனுப்பாமை, கேட்பவன் முகத்தைப் பாராமை. இவற்றிற்குப் புயலும் பொறுப்பன்று, வறுமையும் பொறுப்பன்று. முதல் இரண்டு துன்பங்களுக்கும் உரிய பொறுமையை மூன்றாவதற்கும் கேட்கிறார்களே, அங்கேதான் குழப்பம் பிறக்கிறது. அலட்சியம் செய்பவன் நம்மிடம் பொறுமையை உபதேசிப்பது, கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனுக்குத் தயாள குணத்தைப் போதிப்பது போன்றது.

"கடன்" என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் உறவினரையும் வறியவரையும் கூறி, அவர்களோடு வழிப்போக்கனையும் சேர்த்து, அவனுக்குரியதைக் கொடுத்துவிடும்படி இறைவன் ஆணையிடுகிறான். அங்கே ஆளப்பட்டுள்ள அரபுச் சொல் "ஹக்கு". தர்மம் என்றோ தயவு என்றோ அவன் கூறவில்லை. அது அவனுடைய உரிமை. வழிப்போக்கனுக்குத் திருமறை சூட்டியிருக்கும் பெயரும் சிந்திக்கத் தக்கது: "இப்னுஸ் ஸபீல்", அதாவது பாதையின் மகன். ஊரில் செல்வனாக இருப்பவனும் பாதையில் இறங்கிவிட்டால் வீடிழந்தவன், உறவிழந்தவன், அடுத்த வேளையை அறியாதவன். ஆகவேதான் ஜகாத் பெறத் தகுந்த எட்டுப் பிரிவினருள் அவனுக்கும் ஓர் இடம் உண்டு. தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளவும் அவனுக்கு அனுமதி உண்டு. படைத்தவனே தனக்குரிய கடமைகளில் பயணிக்குச் சலுகை காட்டியிருக்க, படைக்கப்பட்டவர்கள் அவனை வதைப்பது எந்த நியாயம்?

நம் முன்னோர் இதை ஏட்டில் எழுதி வைத்ததோடு நிற்கவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழி நெடுகிலும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பொருளை வாரி வழங்கினார். அவர் மக்காவுக்குக் கொணர்ந்த நீரோடை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இராக்கில் ஒரு கோவேறு கழுதை தடுக்கி விழுந்தாலும், பாதையை ஏன் சீராக்கவில்லை என்று தம்மிடம் கேட்கப்படுமே என அஞ்சினார்களாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். தமிழ் மண்ணும் இதில் பின்தங்கியதன்று. கருவுற்ற நிலையில் மரித்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் இங்கு இருந்தது. இறக்கி வைக்க இயலாமற் போன ஒருத்தியின் பாரத்தை எண்ணி, முன்பின் அறியாத வழிப்போக்கன் தன் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல்! சுமையோடு நிற்பவனின் கழுத்துவலி அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று கல்லுக்குப் பதிலாகச் சட்டம் இருக்கிறது. விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ, பயணச்சீட்டு இருந்தும் இடம் மறுக்கப்பட்டாலோ நிறுவனம் என்ன செய்யவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010 முதலே விதி வகுத்திருக்கிறது. குறித்த நேரத்திற்கு மேல் காத்திருப்பவர்களுக்கு இலவச உணவு, மிக நீண்ட தாமதமானால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல், ஒரு நாளைத் தாண்டினால் தங்குமிடம் என்றெல்லாம் அதில் உண்டு. வெளிநாட்டுப் பயணத்திற்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. நம் வீட்டு முதியவர்களுள் எத்தனை பேருக்கு இவை தெரியும்? தெரியாதவனின் உரிமையைத் தெரிந்தவன் சொல்லாமல் மறைப்பதும் ஒருவகைப் பறிப்பே.

ஹஜ்ஜுப் பயணிகளையே எடுத்துக்கொள்வோம். 2022இல் ஹஜ் விமானங்கள் புறப்படும் நகரங்களின் பட்டியலில் சென்னை இடம்பெறவில்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்து ஏற்பாடு அது என்பதை மறுக்கவில்லை. எனினும் மூட்டை முடிச்சுகளோடும் மூட்டு வலியோடும் மலை கடந்து போய் விமானம் ஏறிய முதியவர்களின் அலைச்சல் பட்டியல் தயாரித்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்திராது. கேட்டார்கள், பலரும் பலமுறை கேட்டார்கள். முதலமைச்சரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. கேட்டதால் பொறுமை கெட்டுவிடவில்லை. கேட்டதால் கதவு திறந்தது.

இனி முகத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மோந்தால் வாடும் அனிச்ச மலரையும் முகம் மாறினால் வாடும் விருந்தினரையும் ஒப்பிட்ட வள்ளுவரை அறியாத தமிழர் இல்லை. திருமறையில் "அபஸ" என்று தொடங்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. மக்கத்துத் தலைவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்ற பார்வையற்ற தோழர் இடையே வந்து விளக்கம் கேட்டார். நாயகத்தின் திருமுகம் சற்றே சுருங்கியது. அதற்காக அன்புடன் கூடிய கண்டனமாக இறைவாக்கு இறங்கிற்று என்பர் விரிவுரையாளர்கள். நான் மாணவனாக இருந்தபோது இதை ஓதிக்கொடுத்த என் உஸ்தாத் ஒரு கணம் நிறுத்தி, "வந்தவருக்குத்தான் கண் தெரியாதே, முகம் சுருங்கியதை அவர் பார்த்திருக்கவே முடியாதே!" என்றார். அவரால் காண முடியாத ஒரு சுளிப்பையும் இறைவன் பொருட்படுத்தினான். பின்னாளில் அந்தத் தோழரை நாயகம் அவர்கள் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள் என்பது வரலாறு. பெரிய மனிதருக்குத் திறக்கும் வாயிலும் சாமானியனுக்குச் சுருங்கும் முகமும் உள்ள இடங்களிலெல்லாம் இந்த நிகழ்ச்சி ஓதப்பட வேண்டியது.

ஆனால் முகமலர்ச்சி ஒன்றே சேவை என்று எண்ணிவிடலாகாது. 2011 டிசம்பர் 25ஆம் நாள் இதே பழவேற்காட்டு ஏரியில், விடுமுறையைக் கழிக்க வந்த குடும்பத்தினரை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பச்சிளம் பிள்ளைகளும் அடக்கம். உயிர்காக்கும் மிதவைச் சட்டைகூட அவர்களிடம் இல்லை. அன்று "இத்தனை பேர் ஏறக்கூடாது" என்று யாரேனும் கடுகடுத்த முகத்துடன் தடுத்திருந்தால், அந்தக் கடுகடுப்பே பேருதவியாக இருந்திருக்கும். ஆகவே பாதுகாப்புக்காக நம்மை நிறுத்தி வைத்துச் சோதிப்பவரையும், கோளாறு தீராமல் விமானத்தைக் கிளப்ப மாட்டேன் என்று மறுப்பவரையும் நாம் நிந்திக்கலாகாது. கண்டிப்பு வேறு, அலட்சியம் வேறு. கண்டிப்பானவர் நம் உயிரைக் கணக்கில் வைக்கிறார். அலட்சியக்காரரின் கணக்கில் நாமே இல்லை.

பழவேற்காடு இதை நன்கு அறிந்த துறைமுகம். அரபு நாட்டிலிருந்து வந்த பயணிகளை இவ்வூர் வரவேற்று, நிலம் தந்து, பெண் கொடுத்து உறவாக்கிக்கொண்டது என்பது எங்கள் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அதே துறையிலிருந்துதான் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏழை மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். மனிதனை விருந்தாளியாகவும் கண்ட கரை இது. சரக்காகவும் கண்ட கரை இது. அக்கொடுமையையும் இன்றைய பயணியின் அவதியையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆயினும் மனிதனிடம் பேசாமல் அவனை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கும் பழக்கம் எங்கே தலைகாட்டினாலும் இவ்வூர்க்காரன் அஞ்சியே தீரவேண்டும்.

இவ்வேரியில் வேறொரு பாடமும் உண்டு. இங்குள்ள மீனவக் குப்பங்களில் "பாடு" என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியில் வலை கட்டத் தோதான இடங்கள் சில. அவற்றிலும் முகத்துவாரத்தை அடுத்த இடங்களில் இறால் வரத்து அதிகம். வலுத்தவன் அவற்றை வளைத்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று கடைகோடி இடத்தில் வெறும் வலையை உதறுபவன், தன் முறை வரும் என்ற நம்பிக்கையில் நிம்மதியாக வீடு திரும்புகிறான். காத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளச் செய்வது இந்த நம்பிக்கைதான். இதிலும் குறை இல்லாமல் இல்லை. பாட்டில் சேராத மக்களுக்கு அந்த இடங்களில் முறையே கிடையாது. வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, வரிசைக்கு வெளியே யார் நிற்கிறார் என்றும் பார்க்கவேண்டும் என்பதையும் பாடு எனக்குக் கற்பித்தது.

வரிசையைப் பற்றிப் பேசும்போது என் குற்றத்தை மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஒரு விமான நிலையத்தில் இறங்கினேன். குடியேற்றச் சோதனைக்கு நீண்ட வரிசை. அங்கே பணிபுரிந்த அறிமுகமான ஒருவர் என்னைக் கண்டு, "வாங்க ஹஜ்ரத்" என்று கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்று முன்னால் நிறுத்திவிட்டார். எனக்கும் கால்வலி, மறுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, பாஸ்போர்ட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒரு முதிய கூலித் தொழிலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தாடியையும் தொப்பியையும் பார்த்து மரியாதையாக விலகிக்கூட நின்றார். அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் அமர்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருப்பேன்! தொழுகையின் ஸஃப்பில் அமீருக்கு அருகில் ஃபக்கீர் நிற்கிறான் என்று பெருமை பேசாத மேடை உண்டா? அந்த ஸஃப் பள்ளிவாசலின் வாயிற்படியோடு முடிந்துவிட்டதை அன்று என் கண்ணாலேயே கண்டேன். பதினான்கு மணி நேரம் தரையில் அமர்ந்த அம்மையாரின் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. என்னைப் போன்றோர் பக்கவாயிலில் நுழைவதனால்தான் முன்வாயில் என்றைக்கும் சீராவதில்லை. குரல் உள்ளவன் வரிசையை விட்டு நழுவிவிட்டால், வரிசையில் எஞ்சுவோர் குரலற்றவர்களே.

ஆகவே என் மாணவருக்கு நான் சொல்ல விரும்பும் விடை இது. தம்பி, பொறுமை இருபுறத்தாருக்கும் கடமை. காத்திருப்பவனின் பொறுமை, நாவையும் கையையும் அடக்குவது. காக்க வைப்பவனின் பொறுமை, நூறாவது தடவையாகக் கேட்பவனுக்கும் முதல் தடவை சொன்னது போலவே விடை சொல்வது. இவற்றுள் பின்னதே கடினமானது; கூலி பெற்றுக்கொண்டு செய்வதால் அது அமானத்தும் ஆகிறது. அந்த அமானத்தின் பெரும்பங்கு கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் இல்லை என்பதையும் மறவாதே. நாற்காலிகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, தாமதத்தின் காரணத்தை வாய்திறந்து சொல்லலாமா கூடாதா என்று முடிவு செய்பவர்கள் எங்கோ குளிர் அறையில் அமர்ந்திருக்கிறார்கள். அவளிடம் கத்துவதால் அவர்களுக்குக் கேட்காது. அவர்களுக்குக் கேட்கும்படி எழுது. "ஏர்சேவா" என்று அரசாங்கத்தின் முறையீட்டு ஏற்பாடு இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் இருக்கின்றன. தேதி, நேரம், நடந்தது – மூன்றையும் மிகைப்படுத்தாமல் எழுது. ஏசி எழுதாதே, விட்டுக்கொடுத்தும் எழுதாதே. தனக்கு நேர்ந்ததை ஒருவன் மன்னித்துவிடலாம். நாளை வேறொருவருடைய தாயாருக்கு நேரப்போவதை மன்னிக்க அவனுக்கு ஏது அதிகாரம்?

இவ்விடையைச் சொல்ல அண்மையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். நான் சொல்வதற்கு முன்பே அவர் முறையீடு எழுதிவிட்டிருந்தார். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்ற இரண்டு வரிப் பதிலைக் காட்டினார். யாருக்கும் அனுப்பக்கூடிய வரிகள் அவை. மறுபடியும் எழுதப் போவதாகச் சொன்னார்.

தாயார் உள்ளே பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். கதவுக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது: "எனக்கு நாற்காலிகூட வேணாம் ஹஜ்ரத். 'இன்னும் நேரமாகும், உக்காருங்கம்மா'ன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்." சிறிது நேரம் ஓலையின் சலசலப்பு மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கும் கஅபாவைப் பாத்து துஆ செஞ்சேன். நாங்க தரையிலயாவது உக்காந்திருந்தோம். அது விடிய விடிய நின்னுக்கிட்டே இருந்துச்சு."

அவருடைய மகன் நான்குமுறை அந்தக் கவுண்டருக்குப் போய் வந்தவர். அவருடைய ஆசிரியனாகிய நான் மாதக்கணக்கில் இதையே எண்ணிக்கொண்டிருந்தவன். அந்தப் பெண் விடிய விடிய நின்றுகொண்டிருந்தாள் என்பது எங்கள் இருவர் நினைவிலும் படவேயில்லை.